பங்களாக் குசினியை இடிக்காதீர்கள்

இலங்கை மலையகத்தின் பழைய துரை பங்களாக்களை விடுதிகளாக நடத்துவோருக்கும், அவற்றை விடுதிக்காகக் கொடுக்கும் பெருந்தோட்டக் கம்பெனிகளுக்கும்,

வணக்கம்.

போன ஏப்ரல் விடுமுறையில் என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு தோட்டத்து பங்களாவுக்குத் தேநீர் குடிக்கப் போனேன். எந்தத் தோட்டம், எந்தக் கம்பெனி என்று இங்கே எழுதப்போவதில்லை. ஒருவரை மட்டும் பிடித்துக் குற்றம் சொல்ல எழுதும் மடல் இல்லை இது. அங்கே நடந்தது இப்போது பல மலைகளில் நடந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

என் தாத்தா, அம்மாவின் அப்பா, அந்த பங்களாவில் 28 வருசம் அப்புவாக இருந்தவர். தோட்டத்தில் துரை என்றால் தோட்டத்தை நடத்தும் அதிகாரி, அப்பு என்றால் அவருடைய பங்களாவின் சமையல்காரர். சமையல் மட்டுமில்லை, குசினி என்ற அடுப்படியிலிருந்து சாப்பாட்டு மேசை வரைக்கும் எல்லாம் அவர் பொறுப்பு. 1957-ல் சேர்ந்தார், 1985-ல் நின்றார். அம்மா பிறந்தது லயத்தில், தொழிலாளரின் வரிசை வீடுகளில்தான் என்றாலும் சின்ன வயதில் பாதிப் பொழுது அந்தக் குசினியின் பின்திண்ணையில் கழிந்தது. அங்கே போக வேண்டும் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நான்தான் வற்புறுத்திக் கூட்டிப் போனேன்.

முன்னால் புல்வெளியில் மேசை போட்டுக் கொடுத்தார்கள். அம்மா ஒரு மிடறு குடித்துவிட்டு எழுந்தார். "குசினியை ஒருக்கா பாத்துட்டு வாறேன்" என்று வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். அங்கே குசினி இல்லை. கண்ணாடிச் சுவர் போட்ட ஒரு மசாஜ் அறை இருந்தது. சுற்றிவர வெள்ளைக் கூழாங்கல், நடுவில் ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி. சீருடை போட்ட ஒரு தம்பி ஓடி வந்தார். கேட்டதற்கு, "அது பழைய கட்டடம் மேடம், ரெண்டு வருசத்துக்கு முன்னுக்கே உடைச்சிட்டாங்க" என்றார். பேச்சிலேயே தெரிந்தது, அதே தோட்டத்துப் பிள்ளைதான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சிம்னி நின்ற இடம் எது என்று கண்ணால் அளந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் திரும்பி வந்து, ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்தார்.

வெறும் அடுப்படிதானே, அதற்கு ஏன் இவ்வளவு என்று நீங்கள் நினைக்கலாம். சொல்கிறேன்.

1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரம் நடந்தபோது, அம்மாவுக்கு 14 வயது. லயங்களுக்குத் தீ வைக்க ஆட்கள் வருகிறார்கள் என்று கதை பரவிய ராத்திரி, தாத்தா துரையிடம் போய் நின்றார். அந்தத் துரை சிங்களவர், இளவயதுக்காரர். அவர் ஒன்றும் பேசாமல் பின்வாசல் திறப்பை எடுத்துத் தாத்தாவின் கையில் வைத்தாராம். ஏழு குடும்பத்துப் பெண்களும் பிள்ளைகளும் இரண்டு இரவு அந்தக் குசினிக்குள் இருந்தார்கள். விளக்கு ஏற்றவில்லை. அடுப்பில் தணல் மட்டும் கிடந்தது. கரி படிந்த சுவரில் முதுகைச் சாய்த்தபோது கல்லில் இருந்த சூடு இப்போதும் ஞாபகம் இருக்கிறது என்று அம்மா சொல்வார். உங்கள் ஆட்கள் உடைத்துக் கொட்டியது அந்தச் சுவரைத்தான். அவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. யாரையாவது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இனி, நீங்கள் நன்றாகச் செய்திருப்பதையும் சொல்ல வேண்டும். முன்பக்கத்தை அந்த விடுதிக்காரர்கள் காப்பாற்றியிருக்கும் விதம் என்னை உண்மையிலேயே சந்தோசப்படுத்தியது. அந்த வீடு மேட்டின் நெற்றியில், பள்ளத்தாக்கைப் பார்த்து, நீளவாக்கில் ஒற்றைத் தட்டாக உட்கார்ந்திருக்கிறது. கருங்கல் அத்திவாரம், ஈரம் ஏறாமல் இருக்க நிலத்திலிருந்து உயர்த்திப் போட்ட பலகைத் தளம், நடந்தால் 'திம் திம்' என்று அடியிலிருந்து சத்தம் வரும். ஒவ்வொரு பெரிய அறைக்கும் ஒரு கணப்பு, கூரைக்கு மேலே வரிசையாகச் சிம்னிகள். கூரை சீமையிலிருந்து வந்த தகரம். மலைமழை தகரத்தில் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அதனால் உள்ளே உயரத்தில் பலகை அடித்து மேல்தட்டு கட்டியிருக்கிறார்கள். முன்விறாந்தை முதலில் திறந்த விறாந்தைதான். பிறகு வந்தவர்கள் குளிருக்குப் பயந்து சின்னச் சின்னக் கண்ணாடிச் சதுரங்களால் அடைத்தார்கள். பழைய கண்ணாடிகள் சிலவற்றில் அலை அலையாக நெளிவு இருக்கும். அதற்குள்ளால் பார்த்தால் எதிர்மலையும் நெளியும். அந்தக் கண்ணாடிகளை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள். அதைச் செய்தவருக்கு நன்றி.

பங்களா என்ற சொல்லே வங்காளத்திலிருந்து வந்தது. வங்காள நாட்டுப்புறத்துக் குடிசையைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் தங்களுக்குக் கட்டிக்கொண்ட வீட்டுக்கு அந்த நாட்டின் பெயரே நிலைத்துவிட்டது. வெயிலுக்காக உண்டான அந்த வீட்டை மலைக்குக் கொண்டுவந்தபோது விறாந்தையை அடைத்தார்கள், கணப்பைச் சேர்த்தார்கள், ஸ்கொட்லாந்து ஊர்ப்பெயரைச் சூட்டினார்கள். ஆரம்பத்தில் இதுவும் இருக்கவில்லை. கோப்பிக் காலத்துத் துரைமார் பலர் மரக்கட்டையாலும் மண்ணாலும் கட்டிப் புல் வேய்ந்த குடிலில்தான் இருந்தார்கள். 1869-க்குப் பிறகு இலைநோய் வந்து கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, காசு வந்தது, அதோடு கல் வீடும் வந்தது. ரயில் நானுஓயாவுக்கு வந்ததே 1885-ல்தான். அதற்கு முன்பு உயர்ந்த மலைகளில் கட்டிய வீடுகளுக்குத் தகரமும் கண்ணாடியும் கணப்பு இரும்பும் மாட்டு வண்டியிலும் மனிதத் தலையிலும்தான் ஏறின.

அந்தத் தலைகளைப் பற்றித்தான் நான் பேச வந்தேன். விடுதி அறையில் வைத்திருக்கும் கையேட்டை முழுக்கப் படித்தேன். எட்டுப் பக்கம். கட்டியது ஒரு ஸ்கொட்லாந்துத் துரை என்று இருக்கிறது. அவர் குதிரை, அவர் ரோஜாத்தோட்டம், அவர் மனைவி வாசித்த பியானோ, எல்லாம் இருக்கிறது. கல் உடைத்தவர், பலகை அறுத்தவர், பியானோவைத் தூக்கி வந்தவர் என்று ஒரு வரிகூட இல்லை. தமிழ் என்ற சொல் எட்டுப் பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை. ஹாலில் மாட்டியிருக்கும் மரப்பலகையில் துரைமாரின் பெயர்கள் பொன்னெழுத்தில் வரிசையாக இருக்கின்றன. தாத்தா சமைத்துப் போட்ட ஆறு துரைமாரின் பெயரும் அதில் உண்டு. அம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு, "இவர் முட்டை சாப்பிட மாட்டார், இவருக்கு ரசம் புடிக்கும், இவர் நல்லவர்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் பலகையைப் பற்றி உலகத்தில் இவ்வளவு தெரிந்த இன்னொருவர் இல்லை. அவர் போனபிறகு அதுவும் போய்விடும்.

பங்களாவை முன்னாலிருந்து மட்டும் பார்த்தால் அது எப்படி வேலை செய்தது என்று விளங்காது. எங்கள் பங்களாவில் குசினி தனிக் கட்டடம். புகையும் தீயும் பெரிய வீட்டுக்கு வரக்கூடாது என்று தள்ளிக் கட்டி, இடையில் கூரை போட்ட ஒரு நடைபாதை வைத்தார்கள். மழையில், குளிரில், சூப் ஆறாமல் அந்த நடையைக் கடப்பதுதான் அப்புவின் திறமை. தாத்தா மூடியின் மேல் துணியைச் சுற்றி, சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவாராம். குசினிக்குள் சுவரில் ஒரு மணிப்பலகை இருந்தது. எந்த அறையில் கம்பியை இழுத்தாலும் அந்த அறைக்கான மணி ஆடும். அம்மாவுக்கு ஐந்து வயதிலேயே எந்த மணி எந்த அறை என்று தெரியும். வெளியே விறகுக் கொட்டில், குளிக்கத் தண்ணீர் காய்ச்சும் இரும்பு பொயிலர், அதற்கு விடிய நாலு மணிக்கு நெருப்பு மூட்ட ஒரு ஆள்.

குளியலறைகளை ஒருமுறை கவனமாகப் பாருங்கள். பழைய பங்களாக்களில் பலவற்றில் குளியலறைக்கு இரண்டு கதவு இருக்கும்: ஒன்று படுக்கையறைக்குள், மற்றது நேரே வெளியே, பின்பக்கத்துக்கு. வாளி எடுப்பவரும் தண்ணீர் ஊற்றுபவரும் வீட்டுக்குள் காலே வைக்காமல் வந்து வேலையை முடித்துவிட்டுப் போவதற்காக வைத்த கதவு அது. தாத்தாவின் அண்ணன் அந்தக் கதவால் போய்வந்தவர். புதுப்பிக்கும்போது அந்தக் கதவைச் செங்கல் வைத்து அடைத்து ஓடு பதித்துவிடுகிறீர்கள். கட்டடக்கலை என்று பார்த்தாலும் அந்த வீட்டில் இருந்த மிகத் தெளிவான சாட்சி அதுதான். யார் எந்த வழியால் நடக்கலாம் என்பதை ஒரு வீடு எப்படித் தன் உடம்பிலேயே எழுதி வைத்திருந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட நல்ல இடம் எங்கே இருக்கிறது?

நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். அப்புத்தளையில் இருக்கும் அடிஷம் பங்களாவுக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போயிருக்கிறேன். சேர் தோமஸ் வில்லியர்ஸ், இங்கிலாந்தின் லீட்ஸ் கோட்டையை மனதில் வைத்து 1931-ல் கட்டிய மாளிகை. 1961-லிருந்து பெனடிக்ட் சபைத் துறவிகளிடம் இருக்கிறது. யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்பதால் எனக்கு அந்த இடத்தில் பெரிய மரியாதை. அங்கே ஒரு பிள்ளை கேட்டது: "டீச்சர், இந்தக் கல்லையெல்லாம் யாரு கொத்துனது?" என்னிடம் பதில் இல்லை. அந்தப் பிள்ளையின் தாத்தாவும் கல் உடைப்பவர்தான்.

லூல்கந்துரைக்குப் போயிருப்பீர்கள். ஹேவாஹெட்டவில், ஜேம்ஸ் டெய்லர் 1867-ல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட தோட்டம். அவருடைய மரக்குடிலில் இன்று எஞ்சியிருப்பது கணப்பின் கல்லும் சிம்னியும்தான். ஆனால் அந்த வீட்டைப் பற்றி எனக்கு மிகப் பிடித்த விசயம் வேறு. இலங்கையின் முதல் தேயிலை ஸ்டோர் அந்த பங்களாவின் விறாந்தைதான். மேசைகளைப் போட்டு, கொழுந்தைக் கொட்டி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அழுத்தி அழுத்திக் கையாலேயே உருட்டினார்கள். களிமண் அடுப்பில் கரி போட்டு, கம்பித் தட்டில் வைத்து வாட்டினார்கள். இப்போது விருந்தினர் கூடைநாற்காலியில் காலை நீட்டி உட்காரும் விறாந்தை இருக்கிறதே, அது ஒரு காலத்தில் தொழிற்சாலை! உருட்டிய கைகள் எங்கள் ஆட்களுடையவை. டெய்லர் 1892-ல் இறந்தபோது, 24 பேர் இரண்டு குழுவாகப் பிரிந்து, நாலு மைலுக்கு ஒருமுறை தோள் மாற்றி, அவர் உடலைக் கண்டிக்குத் தூக்கிப் போனார்கள் என்று சொல்வார்கள். அவரைச் 'சாமித்துரை' என்று கூப்பிட்டார்களாம். கண்டியில் மகியாவை மயானத்தில் அவருக்குக் கல்லறை இருக்கிறது, கல்லில் பெயர் இருக்கிறது. தூக்கிய 24 பேரில் ஒருவருக்காவது கல் உண்டா? அவர் நல்லவராக இருந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. அவருக்கு இருக்கும் கல்லைப் பிடுங்கச் சொல்லவும் இல்லை.

பொகவந்தலாவையிலும் இதே கதைதான். சென் மேரிஸ் தேவாலயத்து மயானத்தில் ஜூலியா மார்கரெட் கமரூன் படுத்திருக்கிறார். உலகம் கொண்டாடும் புகைப்படக்காரர். 1875-ல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879-ல் டிக்கோயாப் பக்கத்தில் கிளென்கேர்ன் தோட்டத்தில் காலமானவர். இங்கிலாந்தில் அவர் எடுத்த முகங்களுக்குப் பெயர் உண்டு: டெனிசன், டார்வின், ஹெர்ஷல். இலங்கையில் எடுத்த படங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் 'ஒரு இளம்பெண்', 'களுத்துறைக் குடியானவர்கள்' என்ற அளவோடு சரி. அந்தப் படங்களை நான் அடிக்கடி பார்ப்பேன். அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு மதிப்போடு ஒரு முகத்தைப் பார்த்த ஒருவருக்கும் பெயரைக் கேட்டு எழுதத் தோன்றவில்லை.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் கட்டடக்கலைதானே. பங்களா எப்போதும் மேட்டில், உறுதியான தரையில். முற்றத்தில் நின்றால் ஸ்டோர் தெரியும், லயம் தெரியும், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களம் தெரியும். கீழே இருப்பவர்கள் நிமிர்ந்தால் பங்களா தெரியும். லயத்துக்குக் கிடைத்தது தேயிலைக்கு வேண்டாத சரிவும் பள்ளமும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. நூறு வருசத்துக்கு முன்பு யாரோ கையை நீட்டி "வீட்டை இங்கே கட்டு, லயத்தை அங்கே கட்டு" என்று சொன்னது அந்தக் காலையோடு முடிந்துபோகவும் இல்லை. இப்போதும் மழைக்காலம் வந்தால் எங்கள் பள்ளிக்கூட வகுப்பறைகளில் குடும்பங்கள் வந்து படுக்கின்றன.

1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் ஒரு கூட்டம் நடந்தது. மாத்தளைப் பக்கம் ரெலுகஸ் தோட்டத்தில் சின்னத்துரை வேலை பழக வந்து, தொழிலாளர் பக்கம் நின்றதால் வேலையை இழந்த பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞர் அதில் பேசினார். மலைமேல் தெரிந்த வெள்ளை பங்களாக்களைக் கையால் காட்டி, அங்கே சுகமாக வாழ்பவர்கள் உங்கள் உழைப்பில்தான் வாழ்கிறார்கள் என்று சனங்களிடம் சொன்னார். தோட்டத்துரைமார் கொதித்துப்போனார்கள். ஆளுநர் அவரை நாடுகடத்தக் கட்டளை போட்டார். உயர்நீதிமன்றம் அதைத் தள்ளி அவரை விடுவித்தது. ஒரு பங்களாவில் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கதையைக் கேட்கும் விருந்தினர் எழுந்து ஓடிவிடுவார் என்று பயப்படுகிறீர்களா? நான் அப்படி நினைக்கவில்லை. இவ்வளவு தூரம் பறந்து வருபவர்களுக்கு ரோஜாத்தோட்டக் கதையைவிடப் பெரிய கதையைத் தாங்கும் மனது இருக்கும்.

அம்மாவும் நானும் அன்றைக்கு ஹாலை எட்டுப் போட்டு அளந்து பார்த்தோம். சுமாராக 30 அடி நீளம், 20 அடி அகலம். லயத்துக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. அந்த ஒரு ஹாலுக்குள் ஐந்து காம்பரா வைக்கலாம். காம்பராவுக்கு முன்னால் ஒரு இஸ்தோப்பு, சின்ன விறாந்தை. அங்கேதான் அடுப்பு, அங்கேதான் விறகு, மழைக்காலத்தில் அங்கேதான் கோழியும். தாத்தா விடிய விடியப் பங்களாவில் ஐந்து அறைக்கு நெருப்பு மூட்டிவிட்டு வந்து, அந்த ஒரு அறையில் ஒன்பது பேரோடு படுப்பார். இந்தக் கணக்கைக் கேட்டால் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று தெரியும். அறைக்குள் வைத்திருக்கும் கையேட்டில் இந்த இரண்டு அளவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். லயத்தைக் காட்சிப்பொருளாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. சில இடங்களில் புல்வெளி ஓரத்தில் உயரமாக வேலி வளர்த்து லயம் கண்ணில் படாமல் மறைக்கிறார்கள். வேறு சில இடங்களில் 'கிராம நடை' என்று சொல்லி விருந்தினரை நேரே லயத்துக்குள் கூட்டிப்போகிறார்கள். பிள்ளைகளுக்கு இனிப்பைக் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். இரண்டும் எனக்கு வலிக்கிறது. லயம் இன்னும் ஆட்கள் வாழும் வீடு. அங்கே இருப்பவர்களுக்கு முதலில் வேண்டியது 7 பேர்ச்சஸ் காணியும் அதில் ஒரு சொந்த வீடும் அதற்கு உறுதிப்பத்திரமும். அதற்கு முன்னால் எந்த நினைவுச்சின்னமும் பெரிதில்லை. ஆள் இல்லாமல் விழுந்துகொண்டிருக்கும் பழைய லயங்கள் இருந்தால் அது வேறு விசயம். கம்பளைக்குப் பக்கத்தில் ஒரு பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கி வைத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். கவ்வாத்துக் கத்தி, தப்பு, பழைய பற்றுச்சீட்டு எல்லாம் அங்கே கௌரவமாக இருக்கின்றன.

இதெல்லாம் எங்கள் சொந்தச் சொத்து, எப்படியும் மாற்றுவோம் என்று நீங்கள் சொல்ல முடியாது. 1970-களில் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1992-ல் 22 கம்பெனிகளிடம் முகாமையைக் கொடுத்தார்கள். பிறகு 53 வருசக் குத்தகை. குத்தகைக்கு எடுத்தவர் தேயிலையைப் பறிக்கலாம், விடுதி நடத்தலாம். நூறு வருசத்துக்கு மேல் நின்ற ஒரு சுவரை, அதற்குள் யாருடைய ஞாபகம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல் உடைப்பதற்கு எந்தக் குத்தகையும் இடம் கொடுக்கக் கூடாது.

ஆகவே, இனி ஒரு பங்களாவைத் திருத்தத் தொடங்கும்போது குசினி, வேலையாட்களின் அறை, விறகுக் கொட்டில், மணிப்பலகை, அந்த இரண்டாவது கதவு, இவற்றை விட்டுவைத்துத் திருத்துங்கள். மசாஜ் அறை வேண்டுமென்றால் வேறு இடத்தில் கட்டலாம். மலையில் இடத்துக்கா பஞ்சம். குசினியையே தேநீர்ச் சாலையாக்கினால் இன்னும் அழகாக இருக்கும், கரிச் சுவரை மட்டும் வெள்ளையடிக்காதீர்கள். தட்டுமுட்டுகளை ஏலத்தில் போடுவதற்கு முன்பு அங்கே வேலை செய்து ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். எது என்ன என்று அவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அவர்கள் ஒரு மைலுக்குள்தான் இருக்கிறார்கள்.

அடுத்தது செக்ரோல், தொழிலாளரின் பெயரும் வேலைநாளும் பதியும் புத்தகம். தோட்டத்துக் கந்தோர்களில் பழைய செக்ரோல் புத்தகங்கள் கிடந்து செல்லரிக்கின்றன. சில தோட்டங்களில் கந்தோரை மாற்றியபோது அவற்றை எரித்துவிட்டதாகவும் கேள்விப்பட்டு எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. எங்களில் பலருக்கு வேறு பதிவு கிடைப்பதே அரிது. 1948-ல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964-ல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று தலையை எண்ணிப் பிரித்தார்கள். எந்தக் குடும்பத்தில் யார் கப்பலேறினார், யார் நின்றார் என்று தேட, அந்தப் புத்தகத்தில் ஒரு பேரும் அதற்கு நேரே முழுநாள் வேலைக்கு 'முழுப்பேர்', அரைநாளுக்கு 'அரைப்பேர்' என்று போட்ட புள்ளியும்தான் இருக்கின்றன. அவற்றைப் படம் எடுத்து ஒரு பிரதியைத் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குக் கொடுங்கள். அப்புறம் அந்தப் புத்தகங்களிலிருந்து பங்களாவில் வேலை செய்தவர்களின் பெயர்களைத் தேடி எடுத்து, துரைமாரின் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை மாட்டுங்கள். அதே மரம், அதே பொன்னெழுத்து. தமிழில். அப்பு, ஆயா, குதிரைக்காரர், பூந்தோட்டக்காரர், தண்ணிக்காரர் என்று தொழிலையும் போடுங்கள்.

2023-ல், எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து 200 வருசம் ஆனதை நினைத்து, அவர்கள் அன்று நடந்து வந்த வழியில் பலர் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். நானும் கடைசி இரண்டு நாள் சேர்ந்து நடந்தேன். வழியெல்லாம் சிங்களச் சனங்களும் முஸ்லிம் சனங்களும் தண்ணீர் வைத்துக் காத்திருந்தார்கள். அந்தப் பாதையில் ஓரிடத்தில், பக்கத்தில் வந்த ஒரு வயசான அம்மா என்னிடம், "இங்க விழுந்து செத்தவங்களுக்கு ஒரு கல்லாச்சும் நட்டிருக்கலாம் மகள்" என்றார். நடந்து வந்த காடுகளில் இனி எங்கே போய்க் கல் நடுவது. ஆனால் அவர்கள் கட்டிய கல் வீடுகள் இருக்கின்றன. உங்கள் பொறுப்பில்தான் இருக்கின்றன.

எனக்குத் தெரிந்தவரை உதவி செய்யத் தயாராக இருக்கிறேன். தாத்தா துரைசாணிமாருக்காகத் தமிழெழுத்தில் எழுதி வைத்த சமையல் கொப்பி ஒன்று எங்களிடம் இருக்கிறது. 'ஐரிஸ் ஸ்டூ', 'பிரட் புடிங்' எல்லாம் தமிழில், அவர் காதில் விழுந்தபடி. பக்க ஓரங்களில் எந்தத் துரைக்கு எவ்வளவு உப்பு என்று குறிப்பு. அம்மா இதுவரை அதை வீட்டுக்கு வெளியே எடுத்துப்போக விட்டதில்லை. அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில், "குசினி இருந்திருந்தா கொப்பிய அங்கயே வச்சிட்டு வந்திருப்பேன்" என்றார்.

மற்ற பங்களாக்களில் ஏதாவது ஒன்றிலாவது குசினியை நிறுத்தி, அந்தப் பெயர்ப்பலகையை மாட்டும் நாளை எங்களுக்குச் சொல்லுங்கள். கொப்பியோடு வருகிறோம். அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி, படி ஏறக் கஷ்டம். முன்வாசலில் எத்தனை படி இருந்தாலும் பரவாயில்லை, கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு அந்த வழியாலேயே வருவோம்.

இப்படிக்கு,
பங்களா அப்பு ஒருவரின் பேத்தி